கணப்பின் மறுபுறம்

பதினோரு குளிர்காலம் அந்த அறைக்குச் சூடு கொடுத்தவன் நான்.
ஒருநாளும் உள்ளே போனதில்லை.
ஃபோன்டாங்கா ஆற்றங்கரை அரண்மனையில்
கணப்புக்கு வாய் நடைவழியில்,
முதுகு அறைக்குள்.
எங்கள் கரி அவர்கள் கம்பளத்தில் படாதபடி
கட்டியவன் கெட்டிக்காரன்.

காலை நாலரைக்குக்
கம்பளிக் காலணியில் பூனைபோல வருவேன்.
பிர்ச் கட்டை பன்னிரண்டு. பனி கடுமையென்றால் பதினைந்து.
பட்டையை உரித்துப் பற்றவைத்துக் குந்தியிருந்து
இருமுவேன்.
இருமக்கூடாது என்பது விதி.
நெஞ்சுக்கு யார் சொல்வது?

செங்கல் வழியாகச் சத்தம் வந்துவிடும்.
ஆறு மணிக்குக் கட்டில் ஒருமுறை கிறீச்சிடும்.
பிறகு தண்ணீர்.
பச்சைத் தண்ணீர்தான் என்றாள் வாளி தூக்கும் லுக்கேரியா.
போடி, என்றேன்.
ஏழு மணிக்கு பிரெஞ்சுப் பாடம்.
ஒரே சொல்லை ஆறு விதமாக வளைக்க வேண்டும்,
ஆறாவதில் இளவரசி அக்னியாவுக்கு எப்போதும் தடுக்கும்.
எனக்கே மனப்பாடம்,
பொருள்தான் தெரியாது.

ஞாயிறு எனக்கு விடுப்பு. ஓஹ்தாவில் வீடு.
உஸ்தீன்யாவுக்கு அந்த அறையை
வாரம் ஒரு சாமானாகக் கட்டிக் கொடுத்தேன்:
அன்னம் செதுக்கிய கட்டில்,
வெல்வெட் திரை, வெள்ளித் தொட்டி.
ஒருமுறை மயிலும் வைத்தேன்.
மயில் வேண்டாம், அசிங்கம் பண்ணும் என்றாள்.
எடுத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு பிப்ரவரியில் விறகு வண்டி வரவில்லை.
வசந்தத்தில் அவர்களும் இல்லை.
எங்கே என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.
பேரேட்டோடு வந்தாள் தோழர் ஃபாயினா, இருபது வயதிருக்கும்,
ஆண்பிள்ளை பூட்ஸ்.
அறை அறையாகப் பட்டியல் எடுக்கிறோம், திற, என்றாள்.

சிப்பாய்கள் படுக்கும் மடக்குக் கட்டில்.
என் கை அகலம்கூட இல்லாத மெத்தை.
சாம்பல் நிறப் போர்வை, மூலையில் நாய்மயிர்.
அக்காளுடைய எழுத்தைப் பிரித்துவிட்டுத்
தன் எழுத்தைத் தைத்த காலுறைகள்.
தகரத் தொட்டி.
ஜன்னலுக்கு ஆறு தெரியவில்லை,
எங்கள் விறகுக் கொட்டில் தெரிந்தது.
ஃபாயினா இன்னொரு கதவைத் தேடினாள்,
அசல் அறை அதற்குள் இருக்கும் என்பதுபோல.
நானும்தான்.

கணப்பின் முதுகு வெள்ளை ஓடு.
உட்கார்ந்த பெண்ணின் முதுகு உயரத்தில்
மெருகு தேய்ந்திருந்தது.
அதற்குப் பக்கத்தில் பென்சிலில் பொடிப்பொடியாக ஏதோ.
எனக்கு எழுத்து வராது.
மண்டியிட்டு அவள்தான் படித்தாள்:

ஜனவரி ஒன்பது. இருமல், மூன்று முறை.
பத்து. விடாமல்.
பதினான்கு. சளி கட்டியிருக்கிறது.
பதினைந்து. இல்லை. ஞாயிறு என்பது மறந்து பயந்துவிட்டேன்.
பதினாறு. வந்துவிட்டது. கர்த்தருக்கு நன்றி.

இருமல் வந்ததற்கா நன்றி, என்றாள் ஃபாயினா.
பணக்காரப் பைத்தியம், என்றாள்.
பேரேட்டில் எழுதி, எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினாள்:
இந்த அறையில் இருந்தவருக்குக் காசநோய்.
வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு
ஜன்னலைத் திறந்தாள்.
படுக்கையை எரித்துவிடு.

சொல்லியிருக்கலாம்.
தொண்டைவரை வந்தது,
வந்தது இருமல்.
அடக்கினேன். பதினோரு வருடத்தில்
விதியைக் காத்தது அன்றைக்கு மட்டும்.

நடைவழிக்குப் போய், மெத்தையைக் கிழித்துக்
கணப்பின் வாயில் பிடிபிடியாகப் போட்டேன்.
எரிந்து முடியும்வரை குந்தியிருந்து
அந்த பிரெஞ்சுச் சொல்லை வளைத்துப் பார்த்தேன்.
ஆறாவதில் தடுக்கவில்லை.

ஞாயிறன்று உஸ்தீன்யா கேட்டாள்:
அன்னக்கட்டிலை என்ன செய்தீர்கள்?
எரித்தோம்.
நன்றாக எரிந்ததா?
குதிரைமயிர். புகைதான் அதிகம், என்றேன்.