தேய்மானம்

நூல் பாக்கிக்கு வந்த வண்டி அது.
மௌலீஸ்வரன் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்த வருடம்,
பணமாய்த் தர ஒன்றுமில்லை என்று
சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.
வைத்த கையை எடுக்கச் சித்த நேரமாயிற்று.

வண்டியும் மஞ்சள்தான். இரண்டே இருக்கை.
உட்கார்ந்தால்
ரோடு இடுப்புக்கு வந்துவிடுகிறது.

'ஓட்டிப்போடாதீங்க' என்றார் ஆடிட்டர் சென்னியப்பன்.
'இந்த மாடல் இனி வராதுங்க.
மீட்டர் ஏற ஏற விலை இறங்கும்.
நெலம் மாதிரி நெனச்சுக்குங்க.'

நிலம் மாதிரி நினைத்தேன்.
நிறம் பிசகியதால் திரும்பி வந்த லாட்டில்
இன்டர்லாக் துணி எடுத்து
எங்கள் பவர்டேபிளிலேயே உறை தைத்தோம்.
கட்டிங் செக்‌ஷனுக்குப் பின்னால்,
பஞ்சு பறக்காத மூலையில்
மூன்று வருடம்.
ஞாயிறுதோறும் பத்து நிமிடம்
இன்ஜினை மட்டும் ஓடவிடுவேன்.
நின்ற இடத்தில் உறுமும்.
ஓவர்டைம் வந்த பெண்கள்
காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

போன மாதம் மெக்கானிக் அன்வர்
குனிந்து டயரைத் தடவினான்.
'நின்னு நின்னே தட்டையாயிருச்சுங்க்கா.'

புதன்கிழமை கொச்சியிலிருந்து ஆள் வருவதாய் ஏற்பாடு.
செவ்வாய் விடியுமுன்
உறையை உரித்தேன்.

பல்லடம் தாண்டினால் காற்றாடிக் காடு.
கணவாய் வழி வந்த ஆடிக்காற்று
வண்டியின் விலாவில் தோள்கொடுத்துத் தள்ளியது.
மிதித்தேன்.
ஓர் இறக்கை கீழிருந்து மேலே வருமுன்
அந்தக் காற்றாடி பின்னால் போயிருந்தது.
அடுத்ததும்.
அதற்கடுத்ததை நான் பார்க்கவில்லை.
நாற்பத்தெட்டு வயதில்
எதையும் இத்தனை வெசையாய்
விட்டுவிட்டுப் போனதில்லை.

பூளவாடிக்குச் சற்று முன்னால்
ஒரு மயில்.
பிரேக்கில் பெல்ட் நெஞ்சை இறுக்கியது.
வாலை இழுத்துக்கொண்டு
பத்திர ஆபீஸ் வராந்தாவில் நடப்பதுபோல் நடந்தது.
நான் காத்திருந்தேன்.

ஊருக்குள் வேகத்தடை.
அடிவயிறு உரசிய சத்தம் என் பல்லில் கேட்டது.
பால் கேனோடு நின்றவர் குனிந்து பார்த்தார்.
'மைலேஜ் என்ன குடுக்குதுங்க?'
'அஞ்சு.'
கேனை இறக்கி வைத்தார்.
'அஞ்சுதானுங்களா' என்றார்,
ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர் குரலில்.
'இந்தக் காசுக்குக் காட்டச் சுத்தி
வேலி போட்டிருக்கலாமுங்க.'

தாராபுரத்தில் ஒரு பேக்கரி. டீ, தேங்காய் பன்.
பன் துகள் சீட்டில் விழுந்தது.
தட்டிவிடவில்லை.
காங்கயம் வழி திரும்பி வருகையில்
மில் ஷிப்டு பஸ்கள் எதிரே வரத் தொடங்கியிருந்தன.

கொச்சிக்காரர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்.
மீட்டரைப் பார்த்தார். போட்டோவில்
எட்டாயிரத்து இருநூற்று ஆறு.
இப்போது நூற்று முப்பத்தேழு கூட.
டார்ச் அடித்து அடியில் பார்த்தார்.
எழுந்து, இரண்டு லட்சம் குறைத்தார்.

கணக்குப் போடாமல் எனக்கு இருக்கமுடியாது.
கிலோமீட்டருக்கு ஆயிரத்து நானூற்று அறுபது.
பீசுக்கு நாலு ரூபாய் நிற்கும் எங்கள் பிழைப்பில்
முந்நூற்று அறுபத்தைந்து பனியன்.
மயிலுக்காக நின்ற நேரத்துக்கு
மீட்டர் ஓடவில்லை.
அது இலவசம்.

அவர் ஓட்டிப் போகவில்லை.
லாரிமேல் ஏற்றி
தன்னுடைய உறையைப் போட்டுக் கட்டினார்.
கட்டுமுன் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த
ஒரு பூச்சியின் சிறகை
நகத்தால் சுரண்டி எடுத்தார்.

வந்த பணம் நாலு நிட்டிங் மெஷினாய்
ஓடிக்கொண்டிருக்கிறது. வருத்தமில்லை.
எங்கள் உறையைக் கிழித்து
மெஷின் துடைக்கக் கொடுத்தாயிற்று.

மாதக் கடைசியில் சென்னியப்பன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்:
'நூத்தி முப்பத்தேழு கிலோமீட்டர் எங்கீங்க போச்சு?'
'பூளவாடிப் பக்கம்.'
'அங்க நமக்கு யாருங்க?'

'ஒருத்தர் ரோட்டைத் தாண்டினாருங்க' என்றேன்.
'நிக்க வேண்டியதாப் போச்சு.'