அறுநூற்று நாற்பது அடி

அண்ணனைப் பற்றி ஒரு நாவல் வந்திருக்கிறது.
எழுதியவர் ஒடுகத்தூர் பேங்கில்
நகைக்கடன் பார்த்தவர்,
அம்மாவின் கம்மலை எடை போட்டவர்.
கோதண்டன் அதில் வீரமுத்து.
நான் வெறும் 'தம்பி'.
நூற்றுப் பதினான்காம் பக்கத்தில்
ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வருகிறேன்.
அப்புறம் என்னைக் காணோம்.

நைட் டூட்டியில் படித்தேன்.
வேலூர், ஆண்கள் வார்டு, மூணாவது மாடி.
வீரமுத்து அழுவதில்லை:
எண்ணினேன், பதினேழு இடம்.
தாடை இறுகுகிறது, ஒன்பது இடம்
(பல் தேய்ந்திருக்கும், பாவம்).
நான்காம் கட்டிலில் மணி அடிக்கிறது.
செங்கம் பக்கத்து ஆள், மீசை காதைத் தொடும்,
பெட்பேன் கேட்க முக்கால் மணி நேரம் தயங்கியவர்.
துடைத்துவிட்டு, கை கழுவி வந்து
பக்கத்தைத் திருப்புகிறேன்.

போர் போடும் அத்தியாயம் நல்லாத்தான் இருக்கு.
வண்டிச் சத்தம், ராடு இறங்கும் அதிர்வு,
வேர்க்கடலைக் கொடிமேல் படிந்த வெள்ளைத் தூள்,
அடிக்கு இவ்வளவு என்று
அண்ணனின் உதடு போட்ட கணக்கு, எல்லாம் சரி.
அறுநூற்று நாற்பதில் நிறுத்தினார்கள்.
புழுதிதான்.
வீரமுத்து துண்டை உதறித் தலையில் கட்டி,
"பூமிக்கே ஈரமில்லாதப்போ
ஆம்பளை கண்ணுக்கு எதுக்கு" என்கிறான்.
அண்ணன் அப்படியெல்லாம் பேசமாட்டார்.
அன்றைக்கு அவர் சொன்னது "தூ".
பிறகு வண்டிக்காரனிடம் ஒரு பீடி வாங்கினார்.

சிரித்தது நான்.
"இன்னும் பத்தடி உட்டா
அமெரிக்காக்காரன் கெணறு வந்துடும்ணா."
வண்டிக்காரன் சிரித்தான்.
அம்மாகூட, முந்தானைக்குள்.
அறைந்தார்.
நாவலில் அந்த அறை
வட்டிக்காரன் கன்னத்துக்குப் போய்விட்டது.
என் வலது காதில் ரெண்டு நாள் ரீங்காரம்.

ஒரே கூரை, ஒரே கேழ்வரகுக் களி,
அப்பா விட்டுப்போன ஒன்னேகால் ஏக்கர்,
அதே கடன் சீட்டு.
அவருக்குள்ளே போய்க் கல்லானது
எனக்கு மட்டும் ஏன் வாய்வழி தப்பித்தது?
தவழும் வயதிலேயே
அவர் விழுந்தால் சத்தம் வராதாம்.
நான் விழுவதற்கு முன்பே போடுவேனாம்.
மாடு விடுற அன்னிக்கு அவர் கூட்டத்துக்கு நடுவில்,
கொம்புக்கு ஒரு சாண் தள்ளி.
நான் மைக்கில்,
மாட்டுக்கும் மாட்டுக்காரனுக்கும் பேர் சொல்லிக்கொண்டு.
'பொம்பளச் சிரிப்பு சஞ்சீவி' என்பார்கள்.
அதையும் மைக்கில் நானே சொல்லிவிடுவேன்.

பேங்க்காரர் எழுதாதது ஒன்று.
அந்த ராத்திரி அண்ணன் கயிற்றுக் கட்டிலை
என் பக்கம் இழுத்துப் போட்டார்.
வெகுநேரம் கழித்து, மேலே பார்த்தபடி,
"டேய், எப்டிடா சிரிப்பு வருது உனுக்கு?"
திட்டவில்லை. கேட்டார்.
"தெர்லணா."
"இன்னொரு வாட்டி சொல்லு, அந்த அமெரிக்கா."
சொன்னேன்.
கட்டில் குலுங்கியது.
சிரிப்பா வேறு எதுவுமா என்று
நான் தீக்குச்சி கிழித்துப் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் வீரமுத்து
பள்ளிகொண்டாவுக்குக் கீழே
காய்ந்த பாலாற்று மணலில்
திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான்.
பாலாறு நிஜம், மணல் நிஜம்,
லாரி டயர்த் தடம்கூட நிஜம்.
ஆனால் பின்னால் நான் இருந்தேன்,
வார் அறுந்த செருப்பை மணலில் துழாவிக்கொண்டு.
மூன்று தரம் திரும்பிப் பார்த்தார்.
மூன்றாம் தரம்
அச்சில் ஏறாத ஒரு வார்த்தையால்
என்னைக் கூப்பிட்டார்.