அமுங்கிய கை

வெண்ணாற்று மதகில்
முப்பத்தோரு வருஷமாகத் தண்ணீர் அளக்கிறேன்.
காலை ஆறுக்கு ஒருதரம், பத்துக்கு, இரண்டுக்கு,
மழை பிடித்துவிட்டால் மணிக்கு மணி.
குனிந்து கோலைப் பார்த்து
செக்‌ஷன் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும்:
நாலடி ரெண்டங்குலம், ஏறுமுகம்.

செங்கமலத்தின் இடது புஜத்தில்
நாணயம் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பொட்டை அழுத்தி
அந்தப் பெண் சொன்னாள்:
"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம்
சர்க்கரை எவ்வளவுன்னு இதுவே சொல்லிரும் சார்."
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
லஸ்கர் பெண்டாட்டி கையில்
இன்னொரு லஸ்கர்.

பித்தப்பையில் கல்.
தஞ்சாவூர், மெடிக்கல் காலேஜ் ரோடு, இரண்டாம் மாடி.
ராத்திரியிலிருந்து சாப்பாடு இல்லை, காலை மாத்திரையும் இல்லை.
தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி
என் சட்டைப்பையில் போட்டவள்
"ஞாயித்துக்கிழமை சீட்டுக் குலுக்கல்,
அதுக்குள்ள விட்ருவாங்கல்ல?" என்றாள்.
அவள் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
அவளோடேயே உள்ளே அனுப்பினார்கள்.
கதவு ஆடி ஆடி நின்றது.

நூற்றுப் பதினெட்டு.
நூற்று இருபத்தாறு.
நூற்று முப்பத்தைந்து, அம்புக்குறி சாய்வாக மேலே.
நினைவில்லாமல் கிடக்கிறவள்
ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் என்னோடு பேசுகிறாள்.
வீட்டில் இத்தனை பேசினதில்லை நாங்கள்.
நடுவில் குஞ்சிதபாதம் கூப்பிட்டான்:
"அண்ணே, மூணடி எட்டங்குலம். எழுதிக்கவா?"
எழுதிக்கோ.

அப்புறம் தொண்ணூற்றாறு.
எழுபத்தொன்று.
ஐம்பத்தெட்டு.
போன் அலறியது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது.
அது அடங்குமுன் மஸ்கட்டிலிருந்து மகள்:
"அப்பா, ஐம்பத்தெட்டு காட்டுது, உள்ள யாருக்காவது தெரியுமா?
முழிச்சிருந்தா கை நடுங்கும், வேர்க்கும்.
மயக்கத்துல அம்மா எப்படிப்பா சொல்லுவாங்க?"

தட்டக்கூடாது என்று எழுதியிருந்த கதவைத் தட்டினேன்.

முகமூடிக்கு மேல் கண் மட்டுமாக
வந்து நின்றாள் சகாயமேரி.
"நாங்களும் பாத்துட்டோம் சார்.
விரல்ல குத்திப் பாத்தாச்சு, நூத்தி இருபத்தொன்பது.
கையை ஒடம்போட சேத்து வச்சதுல பொட்டு அமுங்கிருச்சு.
அமுங்கினா கொறைச்சுக் காட்டும்."

மகளுக்கு இது விளங்கவில்லை,
"அப்ப எதுக்குப்பா அந்த மெஷினு?" என்று அழுதாள்.
எனக்கு விளங்கியது.

ஒரு ஆவணியில்
ஆகாயத்தாமரை வந்து மதகை அடைத்துக்கொண்டது.
கோலில் ஆறடி.
ஆறடி என்றே போன் செய்தேன்.
கீழே வாய்க்காலில் கணுக்கால் நனையவில்லை,
கடைமடையில் பன்னிரண்டு மா நாற்று கருகிப்போனது.
யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
கோல் தன் காலடியைத்தான் சொல்லும்.
அதற்குப் பிறகு,
எண் துள்ளினாலும் சரி, தொங்கினாலும் சரி,
இறங்கிப் போய்க் காலை வைத்துப் பார்க்காமல்
நான் போனை எடுத்ததில்லை.

கையைத் தளர்த்திவிட்டார்கள் போல.
எண்பத்து நாலு. நூற்று ஏழு.
நூற்று முப்பத்து மூன்றில்
கொஞ்ச நேரம் நின்றது.
நான் போய் ஒரு டீ குடித்தேன்,
சர்க்கரை போட்டு.

ஒன்றரை மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள்.
ஒரு டப்பியில் ஏழு கல், துவரம்பருப்பு அளவில்.
உதடு வெடித்திருந்தது. கண் பாதி திறந்து
"எவ்வளவு?" என்றாள்.
"நூத்தி நாப்பத்தொண்ணு. நல்லா இருக்கு" என்றேன்.
"பில்லைக் கேட்டேன்" என்றாள்.

அதற்கு என்னிடம் அளவு இல்லை.
கையைப் பிடித்துக்கொண்டேன்.
மோதிரவிரல் நுனியில்
கடுகத்தனை ரத்தப் புள்ளி, காய்ந்து.
யாரோ இறங்கிப் போய்
பார்த்திருக்கிறார்கள்.