இருபது வளைவு, ஐந்து கேள்வி

ஏற்காட்டிலிருந்து நாலரை மணி பேருந்து.
மடியில் லேப்டாப். பதினெட்டு சதவீதம் சார்ஜ்.
பக்கத்து இருக்கையில் ஒரு மூட்டை வெண்ணெய்ப்பழம்,
அதற்கும் டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து குமரேசன் அழைக்கிறார்:
"ஏம்மா, குழந்தைக் கொலுசு ஒரு ரூபாய்க்குப் போயிருக்கு.
பெரிய கொலுசு பன்னெண்டு ரூபாய்க்கு ரெண்டு ஜோடி.
நாலாவது ஆள் வர்றதுக்குள்ள ஏதாச்சும் பண்ணு."

காரணம் தேடவில்லை முதலில்.
குழாய் உடைந்தால் தரையைத் துடைப்பதில்லை,
வால்வைத்தான் மூடுவோம்.
கடைசி டவர் கம்பி சாகுமுன்
போனிலேயே திங்கட்கிழமைப் பதிப்பைத் திருப்பி ஏற்றினேன்.
கடை பழைய முகத்தோடு திறந்தது.
அப்புறம்தான் மூச்சு.

திங்கட்கிழமை எல்லாம் சரி.
இன்றைக்குத் தப்பு.
நடுவில் இருபது கமிட்.
மலைக்கும் இருபது கொண்டை ஊசி.
வளைவுக்கு ஒன்றாகப் பார்த்துவிடலாமா என்று
ஒரு ஆசை வந்தது, உண்மைதான்.
ஆனால் பேருந்து பாதி மலையைத் தாண்டிக் குதிக்க முடியாது,
ஒவ்வொன்றிலும் ஹார்ன் அடித்துத் திரும்பியே ஆகவேண்டும்.
என்னால் குதிக்க முடியும்.

பத்தாவது: தப்பு.
அப்படியென்றால் பதினொன்று முதல் இருபது வரை
எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.
ஐந்தாவது: சரி.
ஏழு: சரி.
(பின்சீட்டில் யாரோ எலுமிச்சையை முகர்கிறார்கள்,
யாரோ முகர்ந்தும் பயனில்லை.)
ஒன்பது: தப்பு.
எட்டு: சரி.

ஒன்பது.
எழுதியவர் பெயரைக் கேட்டேன்.
என் பெயர்.
அதிகாலை இரண்டு பத்து.
குறிப்பு: "சின்னத் திருத்தம்".

அந்த இரவில் நான் செய்தது இவ்வளவுதான்.
விலை அழகாகத் தெரியட்டும் என்று
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுக்கு நடுவே
ஒரு கமா வைத்தேன்.
எழுத்தை எண்ணாக்கும் ஃபங்ஷன்
ஒன்றைப் படித்தது, கமாவைப் பார்த்தது,
இறங்கிப் போய்விட்டது.
பிழை என்று சொல்லவுமில்லை. சிவப்பு எழுத்து இல்லை,
கன்சோலில் ஒரு முனகல் இல்லை.
கத்துகிற பிழை நல்ல பிழை.

திருத்துவதற்கு முன் டெஸ்ட் எழுதினேன்,
அது தோற்பதைக் கண்ணால் பார்த்தேன்.
தோற்கத் தெரியாத டெஸ்டை நான் நம்புவதில்லை.
பிறகு பணத்தையெல்லாம் பைசாவாக மாற்றினேன்,
புள்ளியில்லை, கமாவில்லை, முழு எண்.
கமா கண்ணுக்கு மட்டும்,
திரையைத் தொடும் கடைசி நொடியில்.
பச்சை.

கமிட்டுக்கு டவர் வேண்டாம்.
புஷ் செய்யத்தான் அடிவாரம் வேண்டும்.
நான்கு சதவீதத்தில் திரையை மங்கலாக்கி
பாறையும் மூங்கிலும் போவதைப் பார்த்தபடி இருந்தேன்.
ஒரு குரங்கு வளைவுப் பலகையின் மேல்
எண்ணை மறைத்து உட்கார்ந்திருந்தது.
மூன்றோ இரண்டோ.

அடிவாரத்தில் போன் உயிர்த்தெழுந்து நடுங்கியது.
அனுப்பினேன். ஃபேர்லேண்ட்ஸிலிருந்து அஃப்ரோஸ்
ஒரே நிமிடத்தில் பார்த்துப் பதில் போட்டாள்:
"ஃபங்ஷனுக்குப் பேர் விலை2. விலை1 எங்கே?"
விலை1 இல்லை. எப்போதும் இருந்ததில்லை.
பெயரை மாற்றி மறுபடி அனுப்பினேன்.
அஸ்தம்பட்டி சிக்னலில் கடை புதிய முகத்தோடு திறந்தது.

குமரேசனுக்குச் சொன்னேன்,
மூன்று ஆர்டரையும் ரத்து செய்துவிடலாம் என்று.
கொஞ்ச நேரம் கால்குலேட்டர் சத்தம் மட்டும்.
"பெரிய கொலுசு ரெண்டையும் ரத்து பண்ணு,
நானே போன் போட்டுப் பேசிக்கிறேன்.
குழந்தை காலுக்குன்னு வாங்கினதைத் திருப்பிக் கேக்க மாட்டேன்.
அது போகட்டும்.
ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தொம்போது
உன் பில்லுல கழிச்சுக்கிறேன்."

எண்ணைச் சரியாகத்தான் சொன்னார்.
கமா இல்லாமல்.