பத்தொன்பது லிட்டர் மீன்

கலாசிபாளையத்தில் காஸ் விற்பவர் கேட்டார்:
"மீன் தொட்டிக்கா?"
ஆமாம் என்றேன்.
"எத்தனை மீன்?"
பத்தொன்பது லிட்டர் என்று
வாயில் வந்துவிட்டது.
நிமிர்ந்து பார்த்தார்.
பிறகு சிலிண்டரைத் தராசில் ஏற்றினார்.
இந்த ஊரில் யாரும்
இரண்டாவது பொய்யைக் கேட்பதில்லை.
மடியில் ஏழு கிலோ.
ஜே.சி. ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும்
ஆட்டோவைத் தாண்டித் தொடையில் தெரிந்தது.

அதுவரை பாட்டில்கள்தான்.
பழைய பேப்பர் கடையில்
ஒன்று மூன்று ரூபாய் என்று வாங்கிய
நாற்பத்தாறு.
லேபிளைச் சுரண்டிச் சுரண்டி
நகத்துக்குள் எப்போதும் கோந்து.
ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு,
ஹொரமாவு வீட்டு பால்கனியில்
நான் நிரப்ப,
கீழ்வீட்டுப் பூவய்யா மூடி அடிப்பார்.
டக்.
டக்.
பீன்யாவில் லேத் ஓட்டும் கை,
ஒரு மூடி கோணியதில்லை.
பேச்சு அதிகம் கிடையாது.
நாற்பத்தாறாவதில் எழுந்து
லுங்கியை உதறிக்கொண்டு
"ஆயித்து" என்பார்.

சர்க்கரை போடுவது என் வேலை.
ஒருமுறை, ஆபீஸ் போன் காதில் இருந்தபோது,
இரண்டு தடவை போட்டுவிட்டேன்.
ஏப்ரல் இரவு, இரண்டு மணிக்கு
பீரோவுக்குள் முதல் பாட்டில் வெடித்தது.
அது அடுத்ததை எழுப்பியது.
எதிர்வீட்டுத் தம்பதி
சமையல் காஸ் என்று நினைத்து
நைட்டியும் பாஸ்போர்ட்டுமாகத்
தெருவுக்கு ஓடினார்கள்.
என் கல்யாணப் புடவையில்
தீபாவளி வரைக்கும் மால்ட் வாசம்.
கல்யாணத்துக்கே அத்தனை வாசம் இருந்ததில்லை.

அதனால்தான் கெக்.
சோடா கம்பெனி கழித்துப் போட்ட எஃகு உருளை,
விலாவில் ஒரு ஒடுக்கு,
கழுவக் கழுவ ஆரஞ்சு வாடை.
ரப்பர் வளையம் ஐந்தையும் மாற்றிய பிறகுதான்
அது தன் பழைய வேலையை மறந்தது.

முதல் ஞாயிறு.
குழாயைப் போட்டேன்.
பீர் தானாக இறங்கியது.
மூடியை அழுத்தி, நெம்பைச் சாய்த்தேன்.
முள் பன்னிரண்டில் வந்து நின்றது.
பூவய்யா, மூடி அடிக்கும் கருவியை
வழக்கம்போல் எண்ணெய் போட்டுத் துடைத்துக்
கொண்டுவந்திருந்தார்.
"அஷ்டேனா?"
அவ்வளவுதான் என்றேன்.
மணி பத்தே கால்.
கருவியை மடியில் வைத்தபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.
பிறகு படியிறங்கிப் போனார்.

அடுத்த முறை வரவில்லை.
கூப்பிட ஒரு வேலையும் இல்லை.
வேலை இல்லாமல் ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்று
எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது வாரம் முள் சரிந்துகிடந்தது.
சிலிண்டரில் மிச்சம் ஒரு மூச்சு.
ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக் கேட்டேன்;
கம்ப்ரசர் மட்டும் முனகியது.
கீழே போய்க் கதவைத் தட்டினேன்.
வாயைத் திறப்பதற்குள்
"லீக்கா?" என்றார்.

ஷேவிங் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தோய்த்து
மூட்டு மூட்டாகத் தடவினார்.
மூன்றாவது கிளாம்ப்பில்
ஒரு குமிழி பிறந்தது,
பட்டாணியாகி, நெல்லிக்காயாகி,
உடைந்து, மறுபடி பிறந்தது.
நிறுத்தத் தோன்றாமல்
இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.
பிறகு திருப்புளியால் அரைச் சுற்று.

முதல் கிளாஸ் முழுக்க நுரை.
இரண்டாவதும்.
குழாய் குட்டை, இன்னும் இரண்டு மீட்டர் வேண்டும்;
அது என் தப்பு.
நுரை அடங்கட்டும் என்று உட்கார்ந்தோம்.
அடங்குவதற்கு நேரம் பிடித்தது.

"பாட்டில்னா எண்ணலாம்," என்றார்.
"இதுல மிச்சம் எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"
வெந்நீர் கொண்டுவந்து
உருளையின் ஒரு பக்கமாக ஊற்றி
உள்ளங்கையை மேலிருந்து கீழே இறக்கினேன்.
சூடு முடிந்து குளிர் தொடங்கும் இடம்.
அதுவரை பீர்.
இங்கே, என்றேன்.
அவரும் வைத்துப் பார்த்தார்.
அவர் கைக்கு நாலு விரல் கீழே.

இன்னொரு செம்பு தண்ணீரை
அடுப்பில் ஏற்றினேன்.