தெற்கு ஜன்னல்

தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று
முடிவுகட்டிய மொழியைத்தான் நானும் பேசுகிறேன்.
ஜோகன்னஸ்பர்க்கில், ஜூலையில்,
தெற்கிலிருந்து வருவது உறைபனி.
வெயில் வடக்குப் பக்கமாகவே நடந்து போய்விடும்.
ஒன்பதாம் மாடியில் என் ஒற்றை ஜன்னல்
தெற்கையே பார்த்தபடி,
சம்பளம் வராத காவல்காரனைப் போல.

அதன் ஓரத்தில் ஒரு பாகல் நாற்று.
ஃபோர்ட்ஸ்பர்க்கில் வாங்கிய பொட்டலத்தில்
பத்து விதை. முளைத்தது மூன்று. நின்றது ஒன்று.
அதுவும் வெளிச்சம் தேடித் தேடிக்
கழுத்து நீண்டு, நூலாகிக்
கண்ணாடிமேல் சாய்ந்துவிட்டது.

சரி, வெயிலை நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
முந்நூற்றெண்பது வோல்ட்டோடு இருபது வருடப் பழக்கம்.
அதன் கோபம் தெரியும்,
தூங்குவதுபோல் நடிப்பதும் தெரியும்.
இந்தக் கடுகு எல்இடிக்கு வேண்டியதோ
இரண்டு வோல்ட், மிஞ்சினால் மூன்று.
ஒரு சொட்டுக் கூடினால் செத்துப்போகும்.
யானைப் பாகனிடம்
எறும்பைக் குளிப்பாட்டச் சொன்ன கதை.

சிவப்பு பன்னிரண்டு, நீலம் மூன்று.
வெள்ளை இரண்டு, அது எனக்காக;
இலை பச்சையாகத் தெரியவேண்டுமே.
சூட்டை இழுத்துக்கொள்ள
பழைய ஆம்ப்ளிஃபயரில் கழற்றிய அலுமினியப் பட்டை.
பற்றவைத்தேன், கட்டைவிரலையும் சேர்த்து.
ஸ்விட்சைப் போட்டால் இருட்டு.
பதினேழும் ஒரே சரம். எது தலைகீழ் என்று
ஒவ்வொன்றாய் மீட்டரால் தொட்டுக்கொண்டே போய்
நள்ளிரவுக்கு மேல் பிடித்தேன்: ஐந்தாவது சிவப்பு.
திருப்பி வைத்தேன்.
அறை முழுக்க பீட்ரூட் சாறு.

எதிர்க் கட்டடத்துப் பையன்கள் விசிலடித்தார்கள்.
காவலாளி லெபோஹாங் மேலேறி வந்து
மூக்கை உள்ளே நீட்டினான். "கஞ்சாவா?"
"பாகல்."
இலையொன்றைக் கிள்ளி வாயில் போட்டவன்
கீழ்ப்படி வரை துப்பிக்கொண்டே போனான்.

பதினெட்டு மணி நேரப் பகல் கொடுத்தேன்.
கொடி திரைச்சீலைக் கம்பியைப் பிடித்தது.
பூத்தது, மஞ்சள் மஞ்சளாய்.
முப்பத்தாறு வரை எண்ணினேன்.
அத்தனையும் ஆண் பூ.

அப்புறம் நான்காம் கட்ட மின்வெட்டு.
கமிஷனர் தெருவில், ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே
ஒரு லிஃப்ட் நின்றது.
உள்ளே நோமாலிசோ என்றொரு கணக்காளர்,
கையில் யாருக்கோ பிறந்தநாள் கேக்.
வெளியே நான். மோட்டார் அறைச் சாவி
பிரிட்டோரியாவில் எவன் பையிலோ.
"எதையாவது பேசிக்கொண்டே இருங்கள்" என்றார்.
எனக்கு வேறு பேச்சு ஏது?
சிவப்பு பன்னிரண்டு, நீலம் மூன்று என்று ஆரம்பித்தேன்.
முழுக்கக் கேட்டுவிட்டு
இருட்டுக்குள்ளிருந்து ஒரே கேள்வி:
"அது எப்போது தூங்கும்?"

வீட்டுக்கு வந்தால்,
மின்சாரம் திரும்பி வந்த வேகத்தில்
டிரைவர் கருகிக் கிடந்தது. மீன் நாற்றம்.
லிஃப்டின் அவசர விளக்குக்கு வைத்து
காலம் முடிந்ததென்று கழித்த பாட்டரிகள் இரண்டு
கட்டிலடியில் இருந்தன. பன்னிரண்டு வோல்ட்.
சரத்தை அறுத்து நாலு நாலாய்க் கட்டினேன்.
பத்து மணி நேரம் தாங்கும்,
பிறகு தானாகவே மங்கும்.

மூன்றாம் வாரம் ஒரு பூ
வெறுங் காம்பில் அல்ல,
முள்ளு முள்ளாய், நகத்தளவு பச்சையின்மேல்
உட்கார்ந்திருந்தது.

ஒன்பதாம் மாடிக்கு வண்டு வராது.
காது குடையும் பஞ்சுக் குச்சியால்
ஆண் பூவைத் தொட்டேன், அதைத் தொட்டேன்.
நடுங்கியது,
முந்நூற்றெண்பதுக்கு நடுங்காத கை.

புது டிரைவர் வாங்கியாயிற்று. பெட்டி பிரிக்கவில்லை.
காய் இன்று நாலு அங்குலம்.
கமிஷனர் தெரு லிஃப்டுக்கு
அடுத்த செவ்வாய் பராமரிப்பு.
பாகற்காயைப் போய் யாராவது பரிசாகக் கொடுப்பார்களா
என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
விளக்கு மங்குகிறது.
தூங்கட்டும்.