மறுபடி ஒன்றிலிருந்து

நீர்த்தேக்கத்தில் பெரிதாக ஒன்றுமில்லை.
அணைச்சுவரில் நான்கு நீர்க்காகங்கள்
சிறகை விரித்து மழையிலேயே
காயவைத்துக்கொண்டிருக்கின்றன.
நடுவில் நாமக்கோழிகள், பதினேழு.
மறைவிடத்துப் பலகைத் திறப்பில்
போன மாதம் யாரோ விட்டுப்போன பிஸ்கட் உறை.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. எண்ணியாக வேண்டும்.
வராததையும் எழுதியாக வேண்டும்.
ஊசிவால் வாத்து, பூஜ்யம்.
தட்டைவாயன், பூஜ்யம்.
பூஜ்யமும் ஒரு கணக்குதான் என்பாள் நெஸ்டா.
இன்று அவள் வரவில்லை. முழங்கால்.

நேற்றிரவு செவர்ன் கரை தாண்டிவிட்டதென்று
பெட்ரோல் பங்கில் சொன்னார்கள்.
பறவைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பியூ குடும்பத்தின் கீழ்வயல்.
வேலிக்கம்பங்கள் கழுத்தளவு நீரில்
வரிசையாக இறங்கிப் போகின்றன.
கதவு மட்டும் பூட்டோடு நிற்கிறது,
இந்தப் பக்கத் தண்ணீரை
அந்தப் பக்கத் தண்ணீரிடம் விடாமல்.

முக்காலியைச் சேற்றில் ஊன்றினேன்.
கண்ணாடியில் என் மூச்சு. துடைத்தேன்.
மழை. துடைத்தேன்.
அப்புறம்தான் தெரிந்தன
கொண்டை ஆள்காட்டிகள்,
எல்லாம் ஒரே பக்கம் காற்றைப் பார்த்தபடி,
வராத வண்டிக்கு ஓர் ஊரே நிற்பதுபோல்.
பேருந்து ஓட்டுகிறவனுக்கு
அப்படித்தான் தோன்றும்.

எண்ணும் கருவி கட்டைவிரலுக்கடியில்
டிக் டிக்கென்று இருநூற்று எண்பத்துநான்கு ஆனபோது
பின்னால் டிராக்டர் வந்து நின்றது.
"என் கோதுமையில் என்ன இருக்கிறது?"
கெரைன்ட் பியூ. வணக்கமெல்லாம் இல்லை.

விலகி நின்று தொலைநோக்கியைக் கொடுத்தேன்.
குனிந்தார். தொப்பி விளிம்பிலிருந்து
வில்லையின் மேல் சொட்டியது.
நெடுநேரம் பேசவில்லை.
"அக்டோபரில் விதைத்தது" என்றார்.
பிறகு, "இதுகள் எதைத் தின்கின்றன?"
மூச்சு முட்டி மேலே வரும் மண்புழுவை என்றேன்.
வெல்ஷில் ஏதோ ஒரு சொல் சொன்னார்.
அர்த்தம் கேட்கவில்லை நான்.
என் முகத்திலிருந்த சந்தோஷத்தை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
குறிப்பேட்டின் ஈரத்தை ஊதிக்கொண்டிருந்தேன்.

அப்போது வல்லூறு.
நாங்கள் அதைப் பார்க்கவில்லை,
அது செய்ததைத்தான் பார்த்தோம்.
வயல் முழுக்க ஒரே உதறலில் எழுந்து
கறுப்பாகி, வெள்ளையாகி, கறுப்பாகி,
கூச்சலோடு தலைக்குமேல் புரண்டது.
அடங்கி இறங்கியபோது
எது எண்ணியது, எது எண்ணாதது?
கருவியைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.
"மறுபடியுமா?"
"ஒன்றிலிருந்து."

டிராக்டரில் ஏறினார். போய்விடுவார் என்று நினைத்தேன்.
காலித் தீவனச் சாக்கோடு இறங்கி வந்து
தொலைநோக்கிக்கு மேலே
இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.
மழை அவர் சட்டைக் கைக்குள் வழிந்தது.
உதடு அசைவதைப் பார்த்தேன். அவரும் எண்ணுகிறார்.

எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
அவருக்கு நானூற்று முப்பது.
"வயல் என்னுடையது" என்றார்,
அதுதான் சான்று என்பதுபோல.
நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.

படிவத்தில் காற்றுக்கு ஒரு கட்டம்,
மேகத்துக்கு ஒன்று, பார்வைத் தூரத்துக்கு ஒன்று,
பனிக்கட்டிக்குக்கூட ஒன்று.
கோதுமைக்கு இல்லை.
ஓரத்தில் எழுதலாம் என்று பார்த்தேன்,
மை ஊறிப் பரவியது.

வியாழக்கிழமை பேருந்து நிலையத்தில்
ஷிஃப்டுக்கு நடுவே போன்.
நெஸ்டாவிடம் எண் வாங்கினாராம்.
தண்ணீர் பாதி வடிந்துவிட்டது,
எல்லாம் போய்விட்டன, வயல் நாறுகிறது.
"ஒன்றுமட்டும் குட்டை ஓரமாக நிற்கிறது.
சின்னது. கரும்பழுப்பு.
உங்கள் ஆளா?"

வாலை ஆட்டுகிறதா என்று கேட்டேன்.
"இருங்கள்" என்றார்.

போனுக்குள் பூட்ஸ் சேற்றிலிருந்து பிடுங்கப்படும் சத்தம்.
பிறகு நின்றுவிட்டது.
அந்தப் பக்கமும் மழை, இந்தப் பக்கமும் மழை.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
நனைந்துகொண்டு ஆறு பேர்.
புறப்பட இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது.
கதவைத் திறந்துவிட்டு,
உதட்டில் விரல் வைத்து
உள்ளே வரச் சொன்னேன்.